நழுவு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? வழுக்கு, சறுக்கு என்பவற்றிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

அகராதியில் இதைத் தேடினால் வட்டமடிக்க வேண்டியதுதான். நழுவு என்றால் வழுக்கு என்றிருக்கும், வழுக்கு என்றால் சறுக்கு என்றிருக்கும், சறுக்கு என்னவென்று பார்க்கப் போனால் அது மறுபடி வழுக்கிடம் அனுப்பிவிடும். உராய்வு குறைந்து, தடையில்லாமல் ஒன்று இடம்பெயர்வது என்பது மூன்றுக்கும் பொது. ஆனால் நீங்கள் கேள்வியோடு எழுதியிருக்கும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘அவன் கூட்டத்திலிருந்து சறுக்கினான்’, ‘மாடிப்படி நழுவுகிறது, பார்த்துப் போ’. இலக்கணத்தில் குறை இல்லை. இருந்தும் காது ஏற்க மறுக்கிறது.

பிழை திருத்துவது என் பிழைப்பு. இந்த மூன்று சொற்களும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதை அச்சுத் தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்பது. தரை என்று பதில் வந்தால் வழுக்கு. கால் அல்லது சரிவு என்றால் சறுக்கு. பிடி தளர்ந்தது என்றால் நழுவு.

வழுக்கு என்பது பரப்பின் குணம். ‘தரை வழுக்குகிறது’ என்று சொல்வதற்கு யாரும் அதில் நடந்து விழ வேண்டியதில்லை. பாசி, எண்ணெய், சோப்பு நீர் ஆகியவை ஆள் இல்லாவிட்டாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுவழுப்பு, வழுக்குப்பாறை, வழுக்கைத் தலை எல்லாம் இந்தக் குடும்பம்தான். சறுக்கு அப்படிப்பட்டதல்ல, அதற்கு ஓர் இறக்கமும் இறங்குகிற ஒருவரும் வேண்டும். பேச்சில் ‘தரை சறுக்கும்’ என்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எழுத்தில் அந்த இடம் வழுக்குக்கே உரியது.

இந்த வேறுபாட்டுக்கு நான் எப்போதும் காட்டும் சான்று இரண்டு மரங்கள். எண்ணெய் பூசிய கம்பத்தில் இளைஞர்கள் ஏற முயன்று ஏற முயன்று கீழே வருவார்களே, அது வழுக்குமரம். பூங்காவில் குழந்தைகள் படியேறிப் போய் உட்கார்ந்து, விட்டுவிட்டு இறங்குவது சறுக்குமரம். முன்னதில் இறங்குபவர் இறங்க விரும்பவில்லை, மரம் இறக்கிவிடுகிறது. பின்னதில் இறங்குவதற்காகவே ஏறுகிறார்கள். பனிச்சறுக்கு என்ற விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர்களும் இதைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். பனிவழுக்கு என்று வைத்திருந்தால் அது எச்சரிக்கைப் பலகையாகிவிட்டிருக்கும்.

விரும்பாமலும் சறுக்கலாம். ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்கிறோம். தரையைக் குறை சொல்லாமல் அடியைச் சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். ‘சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது’ என்பதில் ஏற்றமும் இறக்கமும் வெளிப்படையாகவே இருக்கின்றன. ஏறிக்கொண்டிருந்த ஒருவருடைய தொழிலிலோ பரீட்சை மதிப்பெண்ணிலோ இறக்கம் வந்தால் அதைச் சறுக்கல் என்று எழுதுவதும் இதனால்தான்.

இனி நீங்கள் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நழுவு என்பதற்கு முன்பு ஒரு பிடி இருந்திருக்க வேண்டும். கை பிடித்திருந்தது, முடிச்சு பிடித்திருந்தது, தோள் தாங்கியிருந்தது, இப்போது இல்லை. கோப்பை கையிலிருந்து நழுவும், துண்டு தோளிலிருந்து நழுவும், வியர்த்தால் மூக்குக்கண்ணாடி நழுவும் (இந்தப் பதிலை எழுதி முடிப்பதற்குள் என்னுடையது நான்கு முறை நழுவிவிட்டது). சத்தமும் வேகமும் இல்லாத அசைவு அது. வழுக்கி விழுந்தவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நழுவிய துண்டை அணிந்திருப்பவரே கவனிக்க மாட்டார்.

பிடி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வாய்ப்பு கைநழுவிப் போகிறது, பெயர் நினைவிலிருந்து நழுவுகிறது, நாட்கள் நழுவுகின்றன. எல்லாவற்றிலும் நாம் பிடித்து வைத்திருந்ததாக நம்பிய ஒன்று இருக்கிறது. ‘காலடியில் நிலம் நழுவியது’ என்று எழுதினால் தரையில் எண்ணெய் கொட்டியிருக்கிறது என்று யாரும் படிக்க மாட்டார்கள். பேரிடியான செய்தி ஏதோ வந்திருக்கிறது என்றே படிப்பார்கள். உங்கள் மாடிப்படி வாக்கியம் சங்கடப்படுத்துவது இதனால்தான். படி நழுவினால் நாம் விழுவதற்கு முன் படிக்கட்டே போய்விடும்.

ஆளை எழுவாயாக்கிப் பாருங்கள், சொல்லின் முகமே மாறிவிடும். வழுக்கினான் என்றால் பாவம், அடிபட்டதா என்று கேட்போம். நழுவினான் என்றால் அவன் வேண்டுமென்றே போய்விட்டான். பிறருடைய பிடியிலிருந்து, அதாவது கேள்வியிலிருந்தோ வேலையிலிருந்தோ கடன் கொடுத்தவர் கண்ணிலிருந்தோ ஓசைப்படாமல் விலகியிருக்கிறான். ‘கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்’ என்று ஒருவரைச் சொன்னால் அவர் எதிலும் அகப்படாதவர் என்று பொருள். நழுவலான பதில் என்பதும் அதே வகை. ஆகவே உங்கள் முதல் வாக்கியம் ‘அவன் கூட்டத்திலிருந்து மெல்ல நழுவினான்’ என்று இருக்க வேண்டும். ‘மெல்ல’ இல்லாமலும் பொருள் வரும், ஆனால் அந்தச் சொல் ஏனோ எப்போதும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

நழுவு தன்வினை. பிறர் மேல் பொறுப்பைச் சுமத்த வேண்டுமென்றால் ‘நழுவவிடு’ இருக்கிறது. விளையாட்டுச் செய்திகளில் இதைக் கவனித்து ரசிக்கலாம். பிடிக்காத வீரர் என்றால் ‘எளிய கேட்சை நழுவவிட்டார்’. அபிமான வீரர் என்றால் ‘கேட்ச் கைநழுவியது’. பந்து விழுந்த இடம் ஒன்றுதான்.

இந்தச் சொல் நல்ல செய்தி கொண்டு வருவது அரிது. எனக்கு உடனே நினைவுக்கு வருவது ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்ற ஒன்றுதான். அதில் சறுக்கையோ வழுக்கையோ போட்டுப் படித்துப் பாருங்கள், அதிர்ஷ்டம் விபத்தாகிவிடும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல ஆசை. வழுக்குவதிலிருந்து தவறு என்ற பொருளுக்குத் தமிழ் மிக எளிதாகப் போய்விடுகிறது. வழு என்றால் பிழை. இலக்கணத்தில் வழாநிலை, வழுவமைதி என்று படித்திருப்பீர்கள். வழுவாமல் நடப்பது என்றால் தவறாமல் நடப்பது. திருக்குறளின் 139ஆம் குறளில், ஒழுக்கம் உடையவர்களால் தீய சொற்களை ‘வழுக்கியும்’ சொல்ல முடியாது என்று வருகிறது. இன்று அந்த இடத்தில் ‘வாய் தவறியும்’ என்று எழுதுவோம். 415ஆம் குறளில் வரும் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்பது வழுக்கும் இடத்தில் ஊன்றிக்கொள்ளும் கோல். இழுக்கு என்ற சொல்லில் நமக்கு இன்று மிச்சமிருப்பது பழிச்சொல் மட்டுமே. ஈரத் தரை காய்ந்துவிட்டது. நழுவு இந்தப் பாதையில் போகவில்லை. நழுவியவரைக் கெட்டிக்காரர் என்போம், சில நேரம் கோழை என்போம், பிழை செய்தவர் என்று சொல்வதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, மொழிபெயர்ப்பவர்களுக்கு. முதுகெலும்பு வட்டோ தோள்மூட்டோ நழுவியதாக எழுதுகிறார்கள். உடம்புக்குள் இருப்பவை விலகும், இல்லையென்றால் பிசகும். ஜவ்வு விலகல் என்று மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். ஜவ்வு நழுவிவிட்டது என்றால் எங்கே விழுந்தது என்று தேடச் சொல்வார்.