அந்தமான் சிறைக்குக் குடும்பத்தோடு செல்ல விரும்புவோருக்கு

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: எழுபதைக் கடந்த தந்தையையும் ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளையும் அந்தமான் செல்லுலார் சிறைக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம், கப்பலில் போகலாமா, சிறையைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும், குழந்தை பயந்துவிடுவாளா?

சிறைக்கு ஒரு காலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். கடற்கரைகளுக்கு இடையே ஒரு மணி நேரத்தில் காட்டி முடிக்கும் பயணத் திட்டங்களுக்கு இணங்காதீர்கள். அங்கும் நம் கடிகார நேரமே என்றாலும், தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் மாலை ஐந்தரை மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும்.

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து பிரிந்த ஏழு மூன்றடுக்குக் கட்டடங்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் பின்சுவரையே பார்க்கும்படி அமைத்ததால், கைதிகள் எதிரெதிரே முகம் பார்த்துக்கொள்ள வழியில்லை. ஓர் அறைக்கதவின் தாழ்ப்பாளை அருகில் நின்று கவனியுங்கள். அது கதவைத் தாண்டி நீண்டு, சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் விழுகிறது. உள்ளிருப்பவர் கம்பிகளின் வழியே தோள் வரை கையை நீட்டினாலும் அதை எட்ட முடியாது. உங்கள் மகளை உள்ளே நின்று கையை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விளக்கமும் இல்லாமலே அவளுக்குப் புரியும்.

தூக்குமேடையைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவள் விருப்பத்துக்கு விடலாம். செக்கை மட்டும் தவிர்க்க வேண்டாம். நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரைக் கிலோ, தேங்காயெண்ணெய் ஆட்டச் சொல்லிக் கைதிகளை வதைத்தார்கள். 1933-இல் கைதிகள் நடத்திய உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங் உள்ளிட்ட மூவர், வலுக்கட்டாயமாக உணவு புகட்டப்பட்டதில் உயிரிழந்தனர். இதையெல்லாம் புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. அதோடு, 1942 ஆகஸ்டில் மக்கள் திரண்டு சென்று, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டதையும் சொல்லுங்கள். சிறை என்பது எங்கோ தொலைவில் நடந்த கதையாக அவளுக்குத் தோன்றாது.

தந்தையார் படியேற வேண்டியதில்லை. கீழ்த்தள அறைகளும் முற்றமுமே போதும். மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சி வழக்கமாக இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால், பகலிலேயே தமிழ் தெரிந்த வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் என்பதால் தங்கும் விடுதியில் விசாரித்தாலே போதும்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். நம் வடகடலின் (பாக் நீரிணைப் பக்கக் கடல்) அலையைப் பழகியவர்களுக்கும் நடு வங்கக் கடலின் ஆட்டம் வேறு. வாடைக் காற்றும் புயலும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் முதியவரோடு கப்பலேற நான் பரிந்துரைக்க மாட்டேன். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சிறை இருக்கும் ஊரான போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டதால் பயணச்சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். கப்பல்கள் நாள்தோறும் இல்லை. எனவே போவதற்குக் கப்பலைத் தேர்ந்தாலும், திரும்புவதற்கு விமானச் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.