செம்பருத்தி டீ குடித்தால் பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. நான்கு வருடமாக பிபி இருக்கிறது. காலையில் அம்லோடிபின் 5 மி.கி. ஒன்று போடுகிறேன். போன வாரம் பார்த்தபோது 138/86 இருந்தது. வீட்டு வாசலில் செம்பருத்தி நிறையப் பூக்கிறது. தினமும் செம்பருத்தி டீ குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் சொன்னார்கள். பத்து நாளாகக் குடிக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. மாத்திரையை விட்டுவிடலாமா? டீயை எப்படிப் போடுவது சரி? என் கணவருக்குச் சர்க்கரை. மகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவர்களும் குடிக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்று காலை போடாமல் விட்டிருந்தால் இதைப் படித்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள். டீயை நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம். உங்கள் மகள் மட்டும் குடிக்க வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் 138/86 என்பது மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது வந்த கணக்கு. மாத்திரை பிடித்து வைத்திருப்பதால்தான் அது அந்த இடத்தில் நிற்கிறது. கையை எடுத்தால் மேலே ஏறும். அதுவும் சத்தமில்லாமல் ஏறும். பிபி ஏறினால் தலை சுற்றும், வலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மூன்று மாதம் மாத்திரையை விட்டுவிட்டுக் கஷாயம் குடித்திருக்கிறார். "உடம்பு லேசா இருக்கு டாக்டர், சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். கருவியைக் கட்டிப் பார்த்தால் 190/110. லேசாக இருக்கிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உள்ளே இதயமும் சிறுநீரகமும் அத்தனை நாளும் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதியதைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வீடியோவில் சொன்னது முழுக்கக் கட்டுக்கதையா என்றால், அதுவும் இல்லை. ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு, அதை வேறொரு செடிமேல் ஏற்றிவிட்டார்கள். குழப்பமே இங்கேதான் இருக்கிறது.

பிபியைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகளில் வருகிற 'ஹைபிஸ்கஸ் டீ' உங்கள் வாசலில் பூக்கும் செம்பருத்தியில் போட்டது அல்ல. அந்தச் செடிக்கு ரோசெல் என்று பெயர். செம்பருத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. புளிச்சக்கீரையில் சிவப்புத் தண்டு ரகம் என்று சொல்வோமே, ஆந்திராவில் கோங்குரா பச்சடி அரைப்பார்களே, அந்தச் செடியின் ஜாதி. அதன் பூ சிவப்பாகக்கூட இருக்காது. வெளிர்மஞ்சள் நிறத்தில், நடுவில் மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். பூ ஒரே நாளில் வாடி உதிர்ந்துவிடும். அதன் பிறகு, பூவைத் தாங்கிக்கொண்டிருந்த கிண்ணம் போன்ற புல்லிவட்டம் இருக்கிறதே, அது சதைப்பற்றோடு பருத்து ரத்தச் சிவப்பாக மாறும். அதைப் பறித்துக் காயவைத்ததுதான் டீக்கு. எகிப்திலும் சூடானிலும் அதைக் கர்கடே என்கிறார்கள். சூடாகவும் குடிப்பார்கள், குளிரவைத்தும் குடிப்பார்கள். செனகலில் பிசாப், மெக்சிகோவில் ஹமாய்க்கா. சூப்பர் மார்க்கெட்டில் ஹைபிஸ்கஸ் டீ என்று டப்பாவில் விற்பதும் பெரும்பாலும் இதுதான். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். தோல் மாதிரி தடிமனாக, புளியங்காய் போல் சுள்ளென்று புளித்தால் அது ரோசெல். நம் செம்பருத்தி இதழில் அந்தப் புளிப்பு இருக்காது. மென்றால் வழுவழுவென்று இருக்கும்.

ரோசெல் பற்றி நடந்த ஆய்வுகளில் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியானது. லேசாக பிபி ஏறியிருந்த 65 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேர் தினமும் மூன்று கப், கப்புக்கு 1.25 கிராம் காய்ந்த ரோசெல் வீதம், ஆறு வாரம் குடித்தார்கள். மற்றவர்களுக்கு அதே நிறமும் ருசியும் உள்ள வேறு பானம். டீ குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. மற்றவர்களுக்கு ஒரு புள்ளிதான். மூலிகைப் பானம் ஒன்றுக்கு இது நல்ல பலன்தான், நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் சேர்த்த யாருமே பிபி மாத்திரை போடாதவர்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் அதை விட்டுவிட்டு டீக்கு மாறினால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. மெக்சிகோவில் 2007-இல் வெளியான இன்னொரு ஆய்வில் ரோசெல் மருந்தையும் லிசினோபிரில் என்ற பிபி மாத்திரையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரைதான் கூடுதலாக இறக்கியது.

ஆக, ரோசெல்லே மாத்திரைக்கு ஈடு இல்லை. வாசலில் இருக்கும் செம்பருத்தி அந்த ரோசெல்லும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு டீயைக் குடியுங்கள், ஆசையாகவே குடியுங்கள். எனக்கும் பிடித்த டீ அது.

சரி, போடும் விதத்துக்கு வருவோம்.

காலையில் பூத்த பூவாகப் பறியுங்கள். செம்பருத்தி ஒரு நாள் பூ, சாயங்காலம் சுருங்கிவிடும். ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தி நல்லது. அடுக்குச் செம்பருத்தியில் இதழ் இடுக்குகளில் எறும்பு ஒளிந்திருக்கும், கழுவினாலும் போகாது. மொட்டுக்குக் கீழே, இலைக்காம்பில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுப்பூச்சி. செம்பருத்திக்கு அது வராத வீடே இல்லை. அதற்காக யாராவது பூச்சிமருந்து அடித்திருந்தால் அந்தச் செடியின் பூ டீக்கு வேண்டாம். பூக்கடையில் பூஜைக்கு வாங்கிய பூவும், நர்சரியிலிருந்து புதிதாக வந்த செடியின் பூவும் வேண்டாம். அவற்றின் மேல் என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஒருவருக்கு மூன்று பூ போதும். பச்சைக் காம்பையும், நடுவில் நீண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எடுத்துவிட்டு இதழ்களை மட்டும் இரண்டு தண்ணீரில் அலசுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் இதழைப் போட வேண்டும். போட்டுவிட்டுக் கொதிக்கவைத்தால் கொழகொழப்பு அதிகமாகும், நிறமும் மங்கும். மூடி வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். திறந்தால் இதழெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கும், தண்ணீர் நாவல்பழம் கழுவிய நீர் போல ஊதாவாக இருக்கும். வடிகட்டிவிட்டு அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். கண்ணெதிரே பளிச்சென்று சிவக்கும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். அறிவியல் பாடத்தில் அமிலமா காரமா என்று பார்க்கச் செம்பருத்திச் சாற்றைச் சொல்லியிருப்பார்களே, அதே சங்கதிதான். தனியாகக் கொஞ்சம் எடுத்து அதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் பச்சையாகும். அதைக் குடிக்க வேண்டாம், பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். இந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்துக்கும் கருப்புத் திராட்சைக்கும் நிறம் தருவதும் அந்தக் குடும்பம்தான்.

தண்ணீர் கொதிக்கும்போதே தட்டிய சுக்கோ ஒரு ஏலக்காயோ போட்டால் வாசனை தூக்கும். செம்பருத்திக்கென்று பெரிய ருசி கிடையாது, அதனால் கூடப் போடுவதுதான் ருசி. பால் ஊற்ற வேண்டாம், எலுமிச்சைக்குத் திரிந்துவிடும். பூ நிறைய இருந்தால் இதழ்களை நிழலில், வெள்ளைத் துணியில் பரப்பி, எடுத்தால் நொறுங்கும் பதம் வரும்வரை காயவிட்டு, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு வைக்கலாம். லேசாகப் பூசணம் தட்டினாலும் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

கடையில் ரோசெல் வாங்கிப் போடுவதாக இருந்தால் ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் போதும். எலுமிச்சை தேவையில்லை, அதுவே புளிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். அந்தப் புளிப்பினால்தான் நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாது என்று சொல்கிறேன். பல்லையும் அது கரைக்கும். மணிக்கணக்கில் வாயில் வைத்து உறிஞ்சாமல் குடித்து முடித்துவிட்டு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

உங்கள் கணவர் குடிக்கலாம். சர்க்கரை போடாமல். பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் எல்லாம் 'நல்லது' என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், ரத்தத்தில் அவையும் சர்க்கரையாகத்தான் ஏறும். சாயங்காலம் சீனி போட்ட பால் டீயும் இரண்டு பிஸ்கட்டும் அவருக்குப் பழக்கம் என்றால், அந்த இடத்தில் இதைக் கொடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் செம்பருத்தி டீ செய்கிற பெரிய உதவி அதுதான் என்பேன். இதில் காஃபின் கிடையாது, ராத்திரித் தூக்கமும் கெடாது. சர்க்கரை மாத்திரையை அவரும் நிறுத்தக்கூடாது.

மகளுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? நம் செம்பருத்திப் பூவின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், கரு கருப்பையில் பதிவதைத் தடுத்ததாகத் தெரிய வந்தது. எலிக்குக் கொடுத்த சாரமும் நாம் குடிக்கும் ஒரு டம்ளர் டீயும் ஒன்றல்ல. மனிதர்களிடம் இப்படி நடந்ததாக நிரூபணமும் இல்லை. இதற்கு முன்பு ஒருநாள் தெரியாமல் ஒரு டம்ளர் குடித்திருந்தால் அவள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முழுகாமல் இருக்கும் பெண்ணை வைத்து நாம் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். செம்பருத்தியும் வேண்டாம், ரோசெல்லும் வேண்டாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

வேறு சிலரும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை போடுகிறவர்கள், ஏற்கெனவே பிபி குறைவாக இருப்பவர்கள். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடுகிறவர்களும் மருத்துவரிடம் கேளுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த குளோரோகுயினைக் கர்கடேயோடு சேர்த்துக் கொடுத்தபோது மருந்து ரத்தத்தில் சேரும் அளவு குறைந்ததை சூடான் பானங்களை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வில் 1994-இலேயே பார்த்திருக்கிறார்கள். எந்த மாத்திரை போடுகிறவராக இருந்தாலும், மாத்திரைக்கும் இந்த டீக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை விழுங்க இந்த டீயைப் பயன்படுத்த வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

அம்மா, இன்னொன்று கேட்கிறேன். மாத்திரையை விட வேண்டும் என்று ஏன் தோன்றியது? அம்லோடிபின் போடுகிற சிலருக்குச் சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கும், செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். உங்களுக்கு அப்படி இருந்தால், சகித்துக்கொண்டு இருக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார், நிறைய இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமே என்ற கவலைதான் என்றால், மாத்திரையின் அளவைக் குறைக்க வழி உப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், எல்லா உப்பும் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று கூட்டிப் பாருங்கள், ஒரு மதியச் சாப்பாட்டிலேயே பாதி முடிந்துவிடும். தினமும் அரை மணி நடை, கொஞ்சம் எடைக் குறைப்பு, இவற்றால் பிபி தொடர்ந்து இறங்கி நின்றால் உங்கள் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். அப்படிக் குறைத்தவர்கள் உண்டு.

ஒரு வேலை தருகிறேன். டீயைத் தொடருங்கள், ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், அதிகம் போனால் இரண்டு. மாத்திரையையும் தொடருங்கள். இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் பிபி பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள், கால் தரையில் படட்டும், கை மார்பு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும், பேச வேண்டாம். காபி குடித்திருந்தால் அரை மணி கழித்துப் பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 180-ஐத் தாண்டினாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். செம்பருத்தி டீ குடிக்கிறேன் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.