முன்விறாந்தையில் இரண்டு மணிக்கூடுகள்

“உங்கள் ஊரில் எல்லோரும் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்ட, ஆனால் உங்களுக்கு மட்டும் விசித்திரமாகத் தோன்றும் வழக்கம் எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் நேரம் பார்க்கும் விதந்தான் என்பேன்.

எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இரண்டு மணிக்கூடுகள் தொங்குகின்றன. ஒன்று அப்பாவின் சாவி கொடுக்கும் மணிக்கூடு. மற்றது, ரொறன்ரோவில் வாழும் தம்பி கடைசியாக வந்தபோது அம்மாவுக்காக வாங்கி மாட்டிவிட்டுப் போன கனடா மணிக்கூடு. எண்பது வயதைத் தாண்டிய அம்மா பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கிறார். அடுப்பில் என்ன கொதித்தாலும், “அங்க இப்ப விடிஞ்சிருக்கும்” என்று சொல்லியபடி குசினியிலிருந்து வந்து ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

தம்பி வேலைக்குப் புறப்படுமுன் காலை எட்டு மணிக்கு அழைப்பான். குளிர்காலத்தில் அது எங்களுக்கு மாலை ஆறரை, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து முடிந்த வேளை. மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறன்று அவர்கள் தங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டால், அழைப்பு ஐந்தரைக்கே வந்துவிடுகிறது. அன்றிலிருந்து நவம்பர் வரை எங்கள் வீட்டில் பின்னேரத் தேநீர், முற்றம் கூட்டுதல், கிணற்றடிக் குளிப்பு எல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்கின்றன. வருடம் முழுவதும் பகலின் நீளம் பெரிதாக மாறாத ஓர் ஊரில் கனடாவின் கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கும் வீடு எங்களுடையது மட்டுமாக இராது.

வேறெங்கோ தீர்மானிக்கப்பட்ட நேரத்துக்கு வாழ்வது எங்களுக்குப் புதிதுமன்று. 1996 மே மாதத்தில், வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்துபோக, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இலங்கை முழுவதும் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். போரால் 1990 தொடக்கம் மின்சாரத்தையே காணாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபடியால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டுப் பழகிய நாங்கள் எதை மிச்சம் பிடிப்பது என்று எவரும் விளக்கவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. ஆகவே 2002 இல் ஏ9 வீதி திறந்தபின், அங்கிருந்து வரும் உறவினரிடம் “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேளாமல் ஒரு நேரத்தையும் குறிக்க முடியாதிருந்தது. அப்பா தன் மணிக்கூட்டில் கைவைக்க மறுத்துவிட்டார். பத்து வருடமாக அதைப் பார்த்து, மனதுக்குள் அரை மணித்தியாலம் கூட்டிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தார். 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, “இப்ப சரியாய்ப் போச்சு” என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு நேரத்தை நகர்த்த அரசாங்கம் தேவையில்லை. கலியாண வீடுகளில் வெளிநாட்டு உறவினருக்காக நேரலை எடுக்கும் பெடியன்களே போதும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புதுவருடப் பிறப்புக்கே வெவ்வேறு நேரம் சொல்லும் ஊர் இது. எதைப் பின்பற்றுவது என்று ஒரு வீட்டுக்குள்ளேயே வாதாடுவோம். அவ்வளவு கவனமாகப் பார்த்துக் குறித்த முகூர்த்தத்தை, சென்ற ஆவணியில் நான் போயிருந்த ஒரு கலியாண வீட்டில், “ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, கனடாவில மாமா இன்னும் வேலையால வரேல்லை” என்ற ஒரு வசனம் தடுத்து நிறுத்தியது. ஐயரும் அனுபவசாலி, மந்திரத்தை நீட்டி, இடையிடையே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முகூர்த்தம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கையில் தாலியை எடுத்துக் கொடுத்தார். மண்டபத்தில் இருந்த எங்களுக்குப் படப்பிடிப்பாளரின் முதுகு தெரிந்தது. மாமாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்ததாம்.

இப்படியான சலுகை எதையும் கேட்க முடியாத இடம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். அங்கே பூசை குறித்த நிமிடத்தில் தொடங்கும். இருபத்தைந்து நாள் திருவிழாவிலும் சுவாமி எவருக்காகவும் பிந்துவதில்லை. அந்த நாட்களில் மட்டும் கனடாக்காரர் தங்கள் நித்திரையை எங்கள் மணிக்கூட்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதில் எனக்குச் சிறிதளவு அற்பத் திருப்தி உண்டு.

அப்பா ஒரு பெப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்கு இறந்தார். அந்த நிமிடத்தில் தம்பிக்குத் திங்கட்கிழமை இரவு ஏழு மணி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிடும்போது எந்தத் திகதியைப் போடுவது என்று தொலைபேசியில் இரண்டு இரவுகள் சண்டை பிடித்தோம். என் திகதியே அச்சானது. ஆனாலும் அவன் இன்றுவரை, “அப்பா செத்தது திங்கட்கிழமை” என்றுதான் சொல்கிறான். அவன் பொய் சொல்லவுமில்லை. “திவசம் திதிக்குத்தானே, கிழமையை விடுங்கோ” என்று ஐயர் சமாதானம் செய்துவைத்தார். பிறகு பார்த்தால், அங்குள்ள கோயில் நாட்காட்டியில் அதே திதி ஒருநாள் முந்தி வருகிறது.

அதனால் அம்மா இரண்டு நாளும் சமைக்கிறார். முதல் நாள் தம்பியின் கணக்குக்கு, மறுநாள் என் கணக்குக்கு, அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இரண்டு தடவை படைக்கிறார். அப்பாவுக்கு இதில் மனக்குறை இராது. உயிரோடு இருந்த காலத்திலும் அந்தக் குழம்பை இரண்டாந்தரம் கேட்டு வாங்கித்தான் சாப்பிடுவார்.