‘கெட்’ என்றால் ‘பெறு’ மட்டும்தானா? லீட்ஸுக்கு வந்திருக்கும் மன்னார்குடித் தம்பிக்கு

மன்னார்குடியிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அக்கா, இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கித்தான் விசா எடுத்தேன். இங்கே வந்தால் யார் வாயைத் திறந்தாலும் ‘கெட்’தான். ‘கெட் த பஸ்’, ‘கெட்டிங் டயர்ட்’, ‘டூ யூ கெட் இட்?’ மேனேஜர் நேற்று ‘யூ வில் கெட் தேர்’ என்றார். எங்கே போகச் சொல்கிறார் என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அகராதியில் பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?”

தம்பி, நான் யார்க்கில் இருப்பவள்தான், ஆனால் இப்போது லீவில் திருவாரூர் பக்கம் ஊரில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அண்ணன் மகளின் இங்கிலீஷ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மார்ஜின் கோட்டுக்குப் பக்கத்தில் ‘கெட் – பெறு’ என்று ஒரே வரி, மிஸ் டிக் அடித்திருக்கிறார். நமக்கும் அப்படித்தான் எழுதிப்போட்டார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ‘பெறு’ தப்பில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பஸ்ஸையும் களைப்பையும் எப்படிப் பெறுவது?

‘பெறு’ இருக்கும் இடத்தில் ‘பிடி’ என்று வைத்துப் பாருங்கள். பஸ் பிடித்தேன், சளி பிடித்தது, அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. மூன்றுக்கும் அவர்கள் ‘கெட்’தான் போடுவார்கள். இது தற்செயல் இல்லை. அந்தச் சொல்லின் ஆதி வேரே பற்றுவது, பிடிப்பது என்ற பொருள் உள்ளதுதான். லத்தீன் வழியாக வந்த, ‘புரிந்துகொள்’ என்று பொருள்படும் ‘காம்ப்ரிஹெண்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது, அதனால் ‘டூ யூ கெட் இட்?’ என்பதை ஏதோ தெருப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். ‘ஃபர்கெட்’ கூட இந்தக் குடும்பம்தான், பிடி நழுவிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இந்தச் சொல் இங்கிலீஷுக்கு வந்த வழி நீங்கள் குடியிருக்கும் யார்க்‌ஷயர் வழிதான். 866-ல் டென்மார்க், நார்வே பக்கமிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள் யார்க் நகரத்தைப் பிடித்தார்கள், அப்புறம் அங்கேயே குடியேறி, நிலம் உழுது, பெண் எடுத்து, பெண் கொடுத்துக் கலந்துபோனார்கள். யார்க்கில் காப்பர்கேட், ஸ்டோன்கேட் என்று தெருப்பெயர் பார்ப்பீர்கள், அந்த ‘கேட்’ வாசல் இல்லை, அவர்கள் பாஷையில் தெரு. அவர்கள் கொண்டுவந்த ‘கெட்டா’தான் இன்றைய ‘கெட்’. அதற்கு முன்பு இங்கிலீஷில் இதன் பங்காளிச் சொல் இருந்தது, ஆனால் பெரும்பாலும் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும், உச்சரிப்பும் ‘யெட்’ மாதிரி இருக்கும். வடக்கே ‘க’, தெற்கே ‘ய’ என்கிற இந்த வித்தியாசம் முட்டையிலும் உண்டு. இங்கிலாந்தில் முதலில் அச்சுக்கூடம் போட்ட கேக்ஸ்டன் 1490-ல் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். காற்றில்லாமல் கப்பல் நின்றுபோக, வியாபாரிகள் கரையில் இறங்கி ஒரு வீட்டில் ‘எக்’ கேட்டார்கள், அந்த அம்மா “எனக்கு பிரெஞ்சு தெரியாது” என்றாராம். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட இருந்தவர் தெற்கத்திச் சொல்லான ‘எய்ரன்’ என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே அவர்கள் பட்ட பாடு இது, வந்து கொஞ்ச நாளே ஆன நீங்கள் தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். ‘கெட்’டைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பொருள் வந்தால் வாங்குவது, எடுத்து வருவது, கிடைப்பது. டயர்ட், கோல்ட், டார்க் மாதிரி நிலைமையைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆவது’, இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறோமே, அது. இடம் வந்தால் போய்ச் சேருவது. உங்கள் மேனேஜர் உங்களை எங்கேயும் அனுப்பவில்லை தம்பி, போகப் போகச் சரியாகிவிடும் என்று தைரியம் சொல்லியிருக்கிறார்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ‘கெட் இட் டன்’ வகையில். நம் ஊரில் ஒரு மிராசுதார் வரப்பில் குடையோடு நின்றுகொண்டு, “இன்னிக்கு ரெண்டு மா நட்டாச்சு” என்பார். சேற்றில் குனிந்து நட்டது பெண்கள், ஆனால் அவர் சொன்னது யாருக்கும் தப்பாகப் படாது. வீடு கட்டினேன் என்றால் கொத்தனார் கட்டினார் என்று கேட்பவருக்குத் தெரியும். இங்கிலீஷில் அப்படி விட முடியாது. ‘ஐ ரிப்பேர்ட் மை கார்’ என்றால் பானட்டைத் திறந்து நீங்களே ஸ்பானர் போட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த சனிக்கிழமை தன் வண்டியையும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று பக்கத்து சீட்காரர் கேட்டால் ஆச்சரியமில்லை. ‘ஐ காட் மை கார் ரிப்பேர்ட்’ என்றால் ஆள் வைத்து முடித்தீர்கள். செய்தவர் ஒருவர், செய்வித்தவர் ஒருவர் என்று இந்த ஒரு சொல் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதை மட்டும் தினம் சொல்லிப் பழகுங்கள், மற்றது தானாக வரும்.

டீக்கடையிலோ பப்பிலோ ‘ஐ வில் கெட் திஸ்’ என்று ஒருவர் சொன்னால், காசு நான் கொடுக்கிறேன் என்று அர்த்தம். அடுத்த முறை நீங்கள் முந்திக்கொண்டு அதையே சொல்லுங்கள், அது அங்கே மரியாதை. காலிங் பெல் அடிக்கும்போது ‘ஐ வில் கெட் இட்’ என்றால் கதவை நான் திறக்கிறேன். ‘கெட் ஆன்’, ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’ எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வேண்டாம், காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே முழுசாக போனில் குறித்து வையுங்கள்.

வீட்டு ஓனருக்கோ ஹெச்.ஆருக்கோ கடிதம் எழுதும்போது மட்டும் இதைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1066-க்குப் பிறகு பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் ஆண்ட காலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ போன்றவைதான் இன்றும் ஆபீஸ் எழுத்துக்குப் பொருந்தும். ஆனால் அவற்றைப் பேச்சில் போட்டால் விறைப்பாக இருக்கும்.

அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் ‘கெட்’டின் இறந்தகால வடிவமான ‘காட்’டுக்குப் பதில் ‘காட்டன்’ (gotten) என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள். அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போன பழைய வடிவம். இங்கிலாந்தில்தான் அது தேய்ந்து, ‘ஃபர்காட்டன்’ மாதிரி சில சொற்களுக்குள் மட்டும் மிச்சம் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் ‘காட்’ என்றே சொல்லுங்கள், அதுதான் அங்கே வழக்கம்.