நாற்பது வயதுக்கு மேல் பொது நூலகத்தில் உட்கார்ந்து சொந்தமாகப் படித்துத் தேற முடியுமா?

முடியுமுங்க. நீங்களும் வேலை, குடும்பம் என்று இருப்பவர், சின்னப் பசங்களோடு வகுப்பில் உட்காரக் கூச்சப்படுபவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் கோவை கணபதிப் பக்கம் பட்டறையில் லேத், அதாவது இரும்பைக் கடையும் இயந்திரம், ஓட்டுகிறேன். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. கைவேலை சுத்தமாக வரும். ஆனால் டிராயிங்கில் டேப்பருக்கு, அதாவது ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கும் வடிவத்துக்கு, இரண்டு விட்டமும் நீளமும் மட்டும் போட்டிருந்தால், எத்தனை டிகிரி வைப்பது என்று ஐடிஐ படித்த தம்பியைத்தான் கேட்க வேண்டும். அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் உறுத்தியது.

எங்கள் கிளை நூலகத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் டர்னர் (கடைசல் வேலை) பாடப் புத்தகத்தையும் எடுத்து உட்கார்ந்தேன். "எழுதிப் பாக்கறதுன்னா ஜன்னலோர மேசைக்குப் போயிருங்கண்ணா, வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார் நூலகர். முக்கோணவியல் லேசில் ஏறவில்லை. அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அவசரப்படுத்த ஆளில்லை. கடைசியில் பிடிபட்டது. விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கோணத்தின் டேன் (tan) வரும். 50 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டம் 40-இலிருந்து 30-க்கு இறங்கினால் 10-ஐ 100-ஆல் வகுக்க 0.1. அட்டவணையில் பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். வெட்டும் உளியைச் சாய்த்து வைக்க உதவும் காம்பவுண்ட் ரெஸ்டை நானே திருப்பி வைத்துக் கடைந்து, அளவு சரிபார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷம் சம்பளம் ஏறியபோதுகூட இல்லை.

யூடியூப் போதாதா என்று யாராவது கேட்பீர்கள். நானும் பார்க்கிறவன்தான், குறை சொல்லவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். அந்த நோட்டை விரிக்க என் வீட்டில் இடமில்லை. கிளை நூலகத்தில் புத்தகம் கிடைக்காவிட்டால் ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகத்தில் தேடுங்கள்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சொத்து வரியோடு நூலக வரி என்று 10 சதவீதம் சேர்த்துக் கட்டுகிறோம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வாங்குகிற பணம் அது. அப்படியிருந்தும் எங்கள் நூலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. என் வீட்டுக்காரம்மா கணக்கு எழுதப் பழகலாம் என்று ஆசையாக வருவார், பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் பாடும் அதேதான். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கட்டியிருந்தால், யாரிடம் மனு கொடுத்து வாங்கினார்கள் என்று கீழே எழுதுங்கள். நாங்களும் கொடுக்கிறோம்.