பாதையில் எழும்பும் சுவர்: எந்த உறுத்துக்கட்டளை கேட்பது?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்குச் செல்லும் பாதையில் பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பத் தொடங்கி, மூன்றடி உயர்ந்துவிட்டது. நிரந்தரத் தடை கேட்கும்படி ஒருவரும், முதலில் இடைக்காலத் தடை வாங்கும்படி மற்றொருவரும் சொல்கிறார்கள். எது சரி? (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: இரண்டையும் கேட்க வேண்டும், மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். உறுத்துக்கட்டளை என்பது நீங்கள் சொல்லும் தடை உத்தரவுதான். இடைக்கால உறுத்துக்கட்டளை தனி வழக்கன்று. நிரந்தர உறுத்துக்கட்டளை கோரும் அசல் வழக்கினுள், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 39-இன்கீழ் போடப்படும் இடைமனுவில் பிறப்பிக்கப்படுவது அது. மேலோட்டமாகவே தெரியும் வழக்கு வலு, தடை தந்தாலும் தராவிட்டாலும் யாருக்குப் பாதிப்பு அதிகம், பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு உண்டா என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும்.

ஆனால் இவ்விரண்டும் இனி நடப்பதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே எழுந்த மூன்றடிச் சுவரை இடிக்க, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்று வழங்கும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்கீழ்ச் செயலுறுத்துக்கட்டளை, அதாவது ஒன்றைச் செய்யும்படி ஆணையிடும் உத்தரவு, கோர வேண்டும். அதை இடைக்காலத்திலேயே பெறுவது அரிது. 1990-இல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சாதாரண இடைக்காலத் தடையைவிட உயர்ந்த அளவுகோலை வகுத்திருக்கிறது. ஆகவே சுவர் முழுதாக எழுவதற்குள் நீதிமன்றம் செல்வது உங்களுக்கே நல்லது.

அவசரம் கருதி எதிர்த்தரப்பைக் கேட்காமலும் தடை வழங்கலாம். நீதிபதி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், நீங்களும் உடனடியாக மனு, ஆவண நகல்களை எதிர்த்தரப்புக்கு அனுப்பி, தடை கிடைத்த அன்றோ மறுநாளோ, அனுப்பியதைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதில் கோட்டை விடுகிறார்கள். பக்கத்து மனைக்காரர் முந்திக்கொண்டு கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்னும் முன்மனு) போட்டிருந்தால், அது உயிரோடிருக்கும் 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்காமல் உத்தரவு கிடைக்காது.

பாதை உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருகிறதா, பொதுப்பாதையா, வழிநடை உரிமை மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். உங்கள் உரிமையையே அவர் மறுத்து, அதில் மெய்யான ஐயம் எழுந்தால், வெறும் தடை கோரும் வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு அனந்துலா சுதாகர் தீர்ப்பின்படி விளம்புகைப் பரிகாரமும், அதாவது உரிமை உங்களுடையதே என்று நீதிமன்றம் அறிவிப்பதையும், கேட்க வேண்டும்.

சுவரின் இன்றைய உயரத்தைப் பதிவு செய்ய, வழக்குடனேயே அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர்) நியமனம் கோரி மனுப் போடுங்கள். தடைக்குப் பிறகும் கட்டினால், அதே கட்டளை 39-இன் விதி 2-ஏ-இன்கீழ் அவருடைய சொத்து ஜப்தி செய்யப்படலாம். 3 மாதம் வரை உரிமையியல் சிறையும் உண்டு.