மோட்டார் ரிமோட் பெட்டி விற்கலாமா? லோரா, ஈடிஏ, டெஸ்ட் ரிப்போர்ட் பற்றிக் கொஞ்சம்

மன்னார்குடிப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு பம்ப்செட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, பாம்பு பயம், அதனால் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்த ஒரு பெட்டி செய்திருக்கிறார். சிம் போட்ட ஸ்டார்ட்டர் அவர் ஊரில் சரியாக வேலை செய்யவில்லை, டவர் கிடைப்பதில்லை. ஆகவே லோரா என்கிற, குறைந்த பவரில் நெடுந்தூரம் சிக்னல் அனுப்பும் முறையில் இயங்கும் ரேடியோ மாட்யூல் வாங்கிப் போட்டிருக்கிறார். 433 மெகாஹெர்ட்ஸில் ஒரு வாட் மாட்யூல் கொஞ்சம், 915 மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம், எல்லாம் ஆன்லைனில் சீனாவிலிருந்து. அட்டையில் சிஇ, எஃப்சிசி முத்திரை இருக்கிறது. பக்கத்து விவசாயிகள் "எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்கிறார்கள். ஒருவர் இது லைசென்ஸ் இல்லாத அலைவரிசை, ஒன்றும் தேவையில்லை என்கிறார், இன்னொருவர் கஸ்டம்ஸ், கேஸ் என்று பயமுறுத்துகிறார். எது சரி, டெஸ்ட் எங்கே செய்வது, முத்திரை போதாதா என்பது கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் இரண்டு வகையையும் இப்போது இருக்கிறபடி விற்க முடியாது, சொந்த வயலில் மாட்டவும் கூடாது. ஆனால் அதே பெட்டியை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸுக்குள் கொண்டுவந்து, ஈடிஏ என்கிற கருவி வகை ஒப்புதல் வாங்கினால் தாராளமாக விற்கலாம். வாங்குகிற விவசாயி எந்த லைசென்ஸுக்கும் அலைய வேண்டாம்.

நம் நாட்டில் ரேடியோ அனுப்பும் கருவியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்பது 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்திலிருந்து வருகிற விஷயம். 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்தது, பகுதி பகுதியாக அமலாகிறது, ஆனால் அடிப்படை மாறவில்லை. இதில் சில அலைவரிசைகளுக்கு மட்டும் மத்திய அரசு விலக்கு கொடுத்து விதி போட்டிருக்கிறது. அந்த விதிகளை முழுசாகப் படிக்காமல்தான் உங்கள் நண்பர் "ஒன்றும் தேவையில்லை" என்கிறார். விலக்கோடு நிபந்தனைகளும் வருகின்றன: குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குள், குறிப்பிட்ட பவருக்குள் இருக்க வேண்டும், கருவி வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது, உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்ல முடியாது. ஒப்புதல் இல்லாத கருவிக்கு விலக்கு பொருந்தாது. பெட்டி சொந்த வயலில் இருக்கிறதா, அடுத்தவர் வயலில் இருக்கிறதா என்று விதி பிரித்துப் பார்ப்பதில்லை.

இப்போது 915. இது அமெரிக்கக் கணக்கு, அங்கே 902 முதல் 928 வரை பொதுப் பயன்பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் 890 முதல் 915 வரை செல்போன் டவரைப் பார்த்துப் பேசுகிற வரிசை, அதாவது போனிலிருந்து டவருக்குப் போகிற பக்கம். டவரின் ஆன்டெனா பல கிலோமீட்டர் தள்ளி, சட்டைப் பையில் கிடக்கும் போனின் மெல்லிய சிக்னலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் பெட்டி தென்னை உயரத்தில் கம்பம் நட்டு அதே இடத்தில் கத்தினால் என்ன ஆகும்? சுற்றுவட்டாரத்தில் கால் கட்டாகும், நெட் இழுக்காது. செல்போன் கம்பெனி இன்ஜினியர்கள் அளந்து பார்த்துத் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுவார்கள், துறையின் கண்காணிப்பு ஆட்கள் திசை பார்க்கும் ஆன்டெனாவோடு தேடி வருவார்கள். டெல்டா மாதிரி மேடு பள்ளம் இல்லாத சமவெளியில் ஒரு சிக்னலின் மூலத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. வீட்டு மாடியில் செல்போன் பூஸ்டர் மாட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அதையும் விதிக்குப் புறம்பாகக் கடைகளில் விற்கிறார்கள்.

433-இல் சிக்கல் வேறு மாதிரி. 433 முதல் 434 வரை நம்மிடமும் விலக்கு உண்டு. ஆனால் பவர் 10 மில்லிவாட், சேனல் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ். உங்கள் மாட்யூல் ஒரு வாட், அதாவது அனுமதித்ததைப் போல நூறு மடங்கு. பவரைச் சாஃப்ட்வேரில் குறைத்துவிடலாம் என்று நினைப்பீர்கள், சரி, குறைக்கலாம். ஆனால் லோரா வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அகலம் 125 கிலோஹெர்ட்ஸ், அந்த வழக்கமான அகலம் 10-க்குள் அடங்காது. கேட் ரிமோட், காலிங் பெல் மாதிரிச் சின்ன வேலைக்கு அந்த வரிசை.

மிச்சம் இருப்பது 865–868. 2005-இல் 865–867 என்று திறந்து, 2021-இல் 868 வரை நீட்டினார்கள். ஒரு வாட் டிரான்ஸ்மிட்டர் பவர், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் வீச்சு, 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். லோராவின் 125 இதில் நிம்மதியாக உட்காரும். ஒரு பொறி மட்டும் இருக்கிறது. "868 மாட்யூல்" என்று விற்பதை அப்படியே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அது ஐரோப்பிய செட்டிங், லோராவான் (லோரா கருவிகளை ஒரு நெட்வொர்க்காக இணைக்கும்) முறையில் அவர்கள் முதலில் எடுக்கும் சேனல்கள் 868.1, 868.3, 868.5, மூன்றுமே நம் எல்லைக்கு வெளியே. இந்தியாவுக்கென்று தனிச் சேனல் திட்டம் இருக்கிறது: 865.0625, 865.4025, 865.985. லோராவான் இல்லாமல் வெறும் லோராவாகப் பெட்டிக்குப் பெட்டி பேசவைப்பதாக இருந்தால் எல்லைக்குள் வேறு இடமும் எடுக்கலாம், ஓரத்தை ஒட்டி மட்டும் எடுக்க வேண்டாம்.

ஒரு வாட்டுக்கு ஆசைப்படாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இப்போது வரும் சிப்புகள் 22 டிபிஎம், அதாவது சுமார் 160 மில்லிவாட் கொடுக்கும், 5 டிபிஐ (சிக்னலைக் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனா மாட்டினால் 27 டிபிஎம், அரை வாட் வீச்சு. சமவெளியில் இரண்டு கிலோமீட்டருக்கு இது போதும், ஆன்டெனா உயரமாக இருந்தால். 865 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் நேர்க்கோட்டைச் சுற்றி 8 மீட்டராவது காலியாக இருந்தால் சிக்னல் சுத்தமாகப் போகும், அவ்வளவு உயரம் எல்லாராலும் முடியாது, முடிந்தவரை ஏற்றுங்கள். நம் பக்கத்தில் எதிரி நெல் இல்லை, தென்னந்தோப்பும் வாழையும் மூங்கில் புதரும்தான், அதுவும் ஐப்பசி மழையில் இலையெல்லாம் நனைந்து நிற்கும்போது கோடையில் ஓடிய லிங்க் அறுந்துபோகும். ஆகவே வைகாசி வெயிலில் சோதித்துவிட்டு "சூப்பரா ஓடுது" என்று விற்காதீர்கள். பவரை ஏற்றுவதைவிட இரண்டு மீட்டர் பைப் ஏற்றுவது மலிவு, சட்டப் பிரச்சினையும் இல்லை. இடி தாங்கி மட்டும் மறக்காதீர்கள்.

ஈடிஏ விஷயத்துக்கு வருகிறேன். தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூபிசி என்ற பிரிவு கொடுக்கிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். விலக்கு பெற்ற வரிசையில் இயங்கும் பல வகைக் கருவிகளுக்கு 2019-இலிருந்து சுய அறிவிப்பு முறை வந்துவிட்டது, டெல்லிக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கம்பெனி விவரம், கருவியின் பிராண்டு, மாடல் எண், தொழில்நுட்ப விவரம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ரேடியோ டெஸ்ட் ரிப்போர்ட், இவைதான் முக்கியம். ஒப்புதல் மாடலுக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இல்லை. மாடல் பெயரில் கோட்டை விட்டுவிடாதீர்கள்: ரிப்போர்ட்டில் "எம்டி-1", ஸ்டிக்கரில் "எம்டி1", விண்ணப்பத்தில் "எம்டி ஒன் பிளஸ்" என்று இருந்தால் மூன்றும் வேறு வேறு கருவி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொந்தமாகக் கருவி இறக்குமதி செய்தாலும் கஸ்டம்ஸில் கேட்பது இந்த ஈடிஏயைத்தான், பயமுறுத்திய நண்பர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

எஃப்சிசி முத்திரை அமெரிக்காவுக்கு, சிஇ ஐரோப்பாவுக்கு. இங்கே சட்டப்படி இரண்டுக்கும் மதிப்பில்லை. ஆனால் முத்திரைக்குப் பின்னால் இருக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஐஎஸ்ஓ 17025 என்ற ஆய்வகத் தர அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வகத்தின் ரிப்போர்ட்டை ஈடிஏவுக்குக் கொடுக்கலாம். ஐரோப்பிய ஈஎன் 300 220 தரத்தின்படி சோதித்த ரிப்போர்ட்டில் நம் 865–868 பகுதியும் அளந்திருந்தால் அது உங்களுக்கு நேரடியாக உதவும். எஃப்சிசி ரிப்போர்ட் 902-இலிருந்து ஆரம்பிக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஈடிஏ ஏற்கெனவே இருக்கிற மாட்யூலாகப் பார்த்து வாங்கினால் வேலை பாதிக்கு மேல் முடிந்த மாதிரி. அதில் சொன்ன ஆன்டெனாவை மாற்றி, மேலே ஒரு ஆம்ப்ளிஃபையரும் சேர்த்தீர்களானால் அந்தக் காகிதம் உங்கள் பெட்டியைப் பற்றியதாக இருக்காது.

புதிதாக டெஸ்ட் செய்வதாக இருந்தால் சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது, தனியார் ஆய்வகங்களும் உண்டு. போன் பண்ணும்போது "ரேடியோ டெஸ்ட் பண்ணுவீங்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஈஎன் 300 220 உங்கள் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்காந்த இடையூறு சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருக்கிற ஆய்வகத்தில் பணம் கட்டிவிட்டு வந்தால் ரிப்போர்ட் ரேடியோவுக்கு உதவாது.

அங்கே என்ன நடக்கும்? முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஒயரில் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் செருகி, பவர் எவ்வளவு, அலை எவ்வளவு அகலம் எடுக்கிறது, வோல்டேஜும் வெப்பமும் மாறும்போது அதிர்வெண் நகர்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னது நமக்கு விளையாட்டில்லை, மதியம் தகரக் கொட்டகைக்குள் பெட்டி எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரை ஒட்டிய அறைக்குள் பெட்டியை ஒரு சுழலும் மேசையில் வைத்து, ஆன்டெனாவோடு, வேண்டாத இடத்தில் எதுவும் கசிகிறதா என்று அளப்பார்கள். மலிவு மாட்யூல்கள் விழுவது இங்கேதான். 865-இன் இரண்டு மடங்கு 1730. அதுவும் செல்போனின் 1800 வரிசையில், போனிலிருந்து டவருக்குப் போகிற 1710–1785-க்குள் விழுகிறது. காசு மிச்சம் பிடிக்க ஃபில்டர் உறுப்புகளைக் குறைத்த போர்டு என்றால் இந்த இரட்டிப்பு அலை கிராஃபில் குச்சி மாதிரி நிற்கும்.

சாம்பிள் கொடுக்கும்போது இரண்டு பெட்டி கொடுங்கள், ஒன்றில் எஸ்எம்ஏ கனெக்டர் (ஒயர் மாட்டும் திருகு முனை) வெளியே எடுத்தது, இன்னொன்று விற்கிறபடியே. சாஃப்ட்வேரில் ஒரு டெஸ்ட் மோடு கட்டாயம் வேண்டும்: பட்டனை அழுத்தினால் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கீழ், நடு, மேல் மூன்று சேனலுக்கும் மாற முடிய வேண்டும். நீங்கள் கொண்டுபோகிற பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "மோட்டார் ஆன்" என்று ஒரு நொடி கத்திவிட்டு அடங்கினால் அவர்கள் எதை அளப்பது? மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது மன்னார்குடிக்குப் போன் போட்டுக் கோட் மாற்றச் சொல்வது நல்ல அனுபவமாக இருக்காது. கடையில் உருவாக்கும் கட்டத்தில் இரண்டு மாட்யூலையும் ஆன்டெனா இல்லாமல், நடுவில் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் உறுப்பு) வைத்து ஒயரிலேயே பேசவிட்டுச் சோதியுங்கள். வெளியில் பரப்பிச் சோதிக்க வேண்டுமென்றால் சோதனை லைசென்ஸ் என்று தனியாக ஒன்று அதே சரல் சஞ்சாரில் இருக்கிறது.

பெட்டியில் சிம்மும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் கதை நீளும். செல்போன் நெட்வொர்க்கில் இணைகிற கருவிகளுக்கு டிஇசி என்ற தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் நடத்தும் எம்டிசிடிஇ என்ற கட்டாயச் சோதனை 2019-இலிருந்து கட்டம் கட்டமாக வந்துகொண்டிருக்கிறது, ஐஓடி கேட்வே (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வெறும் லோரா பெட்டி, சிம் இல்லை, இன்டர்நெட் இல்லை என்றால் முதல் பதிப்பை அதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கூடவே கொடுக்கிற அடாப்டர் பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) பதிவெண் உள்ளதா என்று பாருங்கள், அது வேறு துறை, வேறு கேஸ்.

இந்த இடத்தில் ஒன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: தேர்த் திருவிழாவுக்கும் நாகை பக்கம் கடலுக்கும் ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 446.0 முதல் 446.2 வரையில் இயங்கும் குறைந்த பவர் செட் மட்டும், அதற்கும் ஈடிஏ வேண்டும். எந்த அதிர்வெண்ணுக்கும் மாற்றக்கூடிய செட் அதில் வராது. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளுக்கே இதற்கு வழிகாட்டு நெறி போட்டுவிட்டது.

கையில் இருக்கிற சரக்கை என்ன செய்வது? 433 மாட்யூல்களைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள், அவற்றின் உள் சுற்று அந்த வரிசைக்கென்றே கட்டியது, 865-க்குக் கொண்டுவர முடியாது. 915 என்று விற்றவற்றில் பல, 868-க்கும் சேர்த்து ஒரே போர்டாகவே வரும், சாஃப்ட்வேரில் 865-க்கு மாற்றலாம். மாற்றியபின் அந்த நிலையில்தான் டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். விற்கும் பெட்டியில் வாடிக்கையாளர் அதிர்வெண்ணையோ பவரையோ மாற்ற வழி இருக்கக் கூடாது, மெனுவிலிருந்தே எடுத்துவிடுங்கள். அடுத்த ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: 865–868-இல் அளந்த ஈஎன் 300 220 ரிப்போர்ட், அந்த ஆய்வகத்தின் 17025 சான்று, இந்தியாவில் யாராவது ஏற்கெனவே ஈடிஏ எடுத்திருந்தால் அதன் நகல். ரிப்போர்ட்டைத் திறந்து, முதல் பக்கத்து மாடல் எண்ணும் மாட்யூலின் தகர மூடியில் அச்சடித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.